பிள்ளைகளுக்கான ‘நோய் எதிர்ப்பு’ இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: வாங்கிப் பார்த்த ஒரு தாயின் மதிப்பீடு

நாகர்கோவிலில் இயங்கும் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடம், அடிக்கடி சளியும் இருமலும் வருகிற பிள்ளைகளுக்கென்று ஒரு பரிசோதனைத் தொகுப்பை விற்கிறது. முழு இரத்த அணுக் கணக்கு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், ஐஜிஈ என்னும் நான்கு இம்யூனோகுளோபுலின்கள் (நோய் எதிர்ப்புப் புரதங்கள்), வைட்டமின் டி, வைட்டமின் பி12, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், துத்தநாகம் ஆகியவை அதில் அடங்கும். விலை 4,200 ரூபாய். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கடந்த நவம்பரில் என் மூன்றரை வயது மகனுக்காக இதை வாங்கினேன். இதே வகைத் தொகுப்புகள் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் வரை வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதால், கூடத்தின் பெயரை விட்டுவிட்டு, பணம் கொடுத்தவருக்கு அதில் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் அவனை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளி திறப்பும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாகவே வரும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு மழை தொடங்கிவிடும். அந்த ஆறு மாதத்தில் அவனுக்கு ஐந்து முறை சளி பிடித்தது. இரண்டு முறை மூச்சு இழுப்பு வந்து நெபுலைசர் வைத்தோம், மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தோம். மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை ஒருமுறையும் வரவில்லை. திருவட்டாறில் இருக்கும் என் மாமியார், “மக்களே, பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்ல, ஒருக்கா ரத்தத்த எடுத்துப் பாரு” என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது காய்ச்சல் தணிந்த இரண்டாம் நாள், கூடத்தின் விளம்பரத் தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்தேன்.

இரத்தம் எடுக்கும் பணியை நிறைவாகப் பாராட்ட வேண்டும். மறுநாள் காலை ஏழரைக்கு என்று சொன்ன தம்பி ஏழு இருபதுக்கே வந்துவிட்டார். பிள்ளையை என் மடியில் உட்கார வைத்து, கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதலில் எனக்குக் காட்டிவிட்டு, “அக்கா, நீங்க அவங்கிட்ட பேசிட்டே இருங்க” என்றார். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். மூன்று சிறிய குழாய்களில் தேவையான அளவு மட்டும் எடுத்து, என் கண்முன்னே பெயரும் வயதும் நேரமும் எழுதி ஒட்டி, பனிக்கட்டி வைத்த பெட்டிக்குள் வைத்தார். பிள்ளை அழுதது ஒரு நிமிடம்கூட இருக்காது. குழந்தைகளுக்கு இரத்தம் எடுப்பது தனிக் கைத்திறன், அது அவரிடம் இருந்தது.

ஆனால் பதிவு செய்தபோதும் சரி, இரத்தம் எடுத்தபோதும் சரி, ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: பிள்ளைக்கு இப்போது காய்ச்சலோ சளியோ இருக்கிறதா, கடைசியாக எப்போது இருந்தது? அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

இரண்டாம் நாள் மாலை அறிக்கை கைபேசிக்கு வந்தது. ஆறு இடங்களில் தடித்த எழுத்து. ஐஜிஏ 48, இயல்பளவு 70 முதல் 400 என்பதால் ‘குறைவு’. லிம்ஃபோசைட் என்னும் வெள்ளை அணு 56 விழுக்காடு, இயல்பளவு 20 முதல் 40 என்பதால் ‘அதிகம்’. ஐஜிஈ 310, ‘அதிகம்’. துத்தநாகம் 58, ‘குறைவு’. வைட்டமின் டி 17, ‘குறைபாடு’. ஹீமோகுளோபின் 10.8, ‘குறைவு’. ஐஜிஜி, ஐஜிஎம், பி12, ஃபெரிட்டின் ஆகியவை இயல்பு. சிஆர்பி 24 என்று இருந்தது. அதன் அருகிலும் ஒரு குறியீடு இருந்தது, ஆனால் ஐஜிஏ என்ற சொல்லைத் தேடிப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அந்த இரவு நான் தூங்கவில்லை.

தொகுப்புடன் ‘இலவச ஆலோசனை’ என்று ஒரு தொலைபேசி அழைப்பும் உண்டு. இந்தச் சேவையில் மிக மோசமான பகுதி அதுதான். பேசியவர் மருத்துவர் இல்லை. அறிக்கையில் தடித்திருந்தவற்றை வரிசையாக வாசித்துவிட்டு, பிள்ளையின் எதிர்ப்பு மண்டலம் ‘பலவீனம்’ என்றார். இரண்டு மாதத்துக்கு ஒரு சிரப்பும், சிடி4, சிடி8 என்னும் எதிர்ப்பு அணுக்களை எண்ணுகிற இன்னும் விலை கூடிய ஒரு பரிசோதனையும் வேண்டும் என்றார். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறதே என்று நானாகக் கேட்டபோது, ஃபெரிட்டின் 41 இருப்பதால் இரும்புச் சத்தில் பிரச்சினை இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் முழுக்கத் தவறு என்பது ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் தக்கலையில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் குழந்தை மருத்துவரிடம் அறிக்கையை எடுத்துப் போனேன். அவர் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். இரத்தம் எடுத்தபோது பிள்ளை எப்படி இருந்தான், இரண்டு சளிக்கு நடுவே முழுதாகத் தெளிகிறானா, எடையும் உயரமும் வயதுக்கேற்பக் கூடுகின்றனவா, நிமோனியா வந்ததுண்டா, காதில் சீழ் வந்ததுண்டா, நெருங்கிய உறவில் சிறு வயதிலேயே தொற்றால் இறந்த குழந்தை உண்டா, வீட்டில் விறகடுப்பு எரிகிறதா, யாராவது புகை பிடிக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் 4,200 ரூபாய் கொடுத்த தொகுப்பில் இவற்றில் ஒரு கேள்வியும் இல்லை.

பள்ளிக்குப் புதிதாகப் போகிற பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என்பதை அவர் முதலில் சொன்னார். ஒவ்வொரு சளியின் இருமலும் இரண்டு வாரம் நீடிப்பதாக வைத்துக்கொண்டால், நலமான பிள்ளையே ஆண்டில் மூன்று, நான்கு மாதம் இருமிக்கொண்டிருப்பான். அதுவும் மழைக்காலத்தில் நெருங்கி நெருங்கி வந்தால், தாய்க்கு அது ஒரே நீண்ட நோயாகத்தான் தெரியும். இந்தக் கணக்கை யாராவது ஆகஸ்டிலேயே எனக்குச் சொல்லியிருந்தால், நவம்பர் வரை என் மனம் இவ்வளவு கலங்கியிருக்காது.

பிறகு அறிக்கையைத் திருப்பினார். ஐஜிஏ பக்கத்தில் அச்சிட்டிருந்த 70 முதல் 400 என்பது வளர்ந்தவர்களுக்கான அளவு. தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு வருவது ஐஜிஜி மட்டுமே. அது பிறந்த பின் மெல்லக் கரைந்து, மூன்று முதல் ஆறு மாதத்தில் மிகவும் தாழ்ந்து, பிறகு குழந்தை தானே உண்டாக்கத் தொடங்கும்போது ஏறுகிறது. ஐஜிஏ எல்லாவற்றிலும் மெதுவாக வளர்வது. பெரியவர்களின் அளவை எட்ட வளரிளம் பருவம் ஆகிவிடும். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு 48 என்பது இயல்பான எண். ஐஜிஏ குறைபாடு என்று மருத்துவர்கள் முடிவு செய்ய வேண்டுமானால், பிள்ளைக்கு நான்கு வயது நிறைந்திருக்க வேண்டும், ஐஜிஜியும் ஐஜிஎம்மும் இயல்பாக இருக்க, ஐஜிஏ மட்டும் டெசிலிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் கீழே இருக்க வேண்டும். 48 எங்கே, 7 எங்கே! லிம்ஃபோசைட்டும் அதே கதைதான். பிறந்த சில வாரங்களிலிருந்து நான்கைந்து வயது வரை, பிள்ளைகளின் வெள்ளை அணுக்களில் லிம்ஃபோசைட்டுகளே பெரும்பான்மை. பிறகுதான் நியூட்ரோஃபில் என்னும் இன்னொரு வகை முந்துகிறது. பெரியவர்களின் சட்டையைக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்து, தொளதொளவென்று இருக்கிறது என்று நோய் எழுதியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு தடித்த எழுத்துகளும் இயந்திரத்தின் தவறு இல்லை. எண்கள் சரியானவை. குழாயில் வயதை எழுதி ஒட்டிய கூடம், அறிக்கை அச்சிடும் மென்பொருளில் அந்த வயதைப் பயன்படுத்தவில்லை. குழந்தைகளுக்கென்றே பெயர் வைத்து விற்கும் ஒரு தொகுப்பில் இதை நான் சிறு குறையாகக் கருத முடியாது.

மருத்துவர் அதிக நேரம் செலவிட்டது சிஆர்பி 24 என்ற எண்ணில். உடலில் தொற்றும் அழற்சியும் இருக்கும்போது ஏறுகிற புரதம் அது. அது ஏறியிருக்கும் நாளில் எடுத்த இரத்தத்தில் பாதிச் சத்துகளின் அளவு நம்பத்தக்கதாக இருக்காது என்று அவர் விளக்கினார். தொற்றுக் காலத்தில் உடல் துத்தநாகத்தை இரத்தத்திலிருந்து கல்லீரலுக்கு இழுத்துக்கொள்கிறது. அதனால் சத்து போதுமான பிள்ளைக்கும் அறிக்கையில் குறைவாகத் தெரியும். வைட்டமின் ஏ அளவும் அப்படியே தற்காலிகமாகத் தாழும். ஃபெரிட்டின் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஏறும். இரும்புச் சேமிப்பைக் காட்ட வேண்டிய அந்த எண், காய்ச்சல் நாளில் காய்ச்சலைக் காட்டிக்கொண்டிருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட நலமான பிள்ளைக்கு 12-க்குக் கீழே போனால் இரும்புச் சத்துக் குறைவு என்று கொள்ளும் உலக சுகாதார நிறுவனம், தொற்று இருக்கும் பிள்ளைக்கு அந்த எல்லையை 30 என்று உயர்த்தி வைத்திருப்பது இதனால்தான். என் மகனின் 41 அந்த எல்லையையும் தாண்டி நின்றதால் இன்னும் எளிதாக ஏமாற்றிவிட்டது. ஆனால் அதே தாளில், யாரும் தடித்த எழுத்தில் போடாத ஓர் எண்ணை அவர் பேனாவால் வட்டமிட்டார்: சிவப்பணுக்களின் சராசரிக் கொள்ளளவு 69. ஹீமோகுளோபின் 10.8, அந்த வயதுக்கான எல்லையாகிய 11-க்குச் சற்றுத்தான் குறைவு; ஆனால் அணுக்கள் சிறுத்துப் போயிருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்பைத்தான்.

துத்தநாகத்தைப் பற்றி இன்னொன்று. அதன் அளவு மிகச் சிறியது என்பதால், அதை அளப்பதற்கென்றே உலோகக் கலப்பு இல்லாத தனிக் குழாய் உண்டு. சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்துகூடத் துத்தநாகம் கலந்து எண்ணைக் கூட்டிக் காட்டக்கூடும். எங்கள் மூன்று குழாய்களில் அது இருந்ததா என்று கூடத்தில் கேட்டேன், பதில் வரவில்லை. காய்ச்சல் ஒரு பக்கம் குறைத்துக் காட்ட, குழாய் மறுபக்கம் கூட்டிக் காட்டக்கூடிய ஓர் எண்ணுக்காகத் தொகுப்பில் நாம் பணம் கொடுக்கிறோம்.

வைட்டமின் டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தொகுப்பை விற்பதற்கு முன்னால் நிறுத்தப்படும் பெயர் அதுதான். கூடத்தின் அறிக்கை 20-க்குக் கீழே எல்லாவற்றையும் ‘குறைபாடு’ என்றும், 30 வரை ‘போதாது’ என்றும் அச்சிட்டிருந்தது. இந்தியக் குழந்தை மருத்துவ சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 12 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை, 20-க்கு மேல் போதுமானது. அதன்படி என் மகனின் 17 ‘போதாமை’. அறிக்கையோ அதைக் ‘குறைபாடு’ என்றது. நலமான பிள்ளைகளுக்கு வழக்கமாக இந்த அளவைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்பதே மருத்துவ அமைப்புகளின் பொதுவான நிலைப்பாடு.

வைட்டமின் டி கொடுத்தால் சளி குறையுமா என்ற கேள்விக்கும் காலப்போக்கில் பதில் மாறி வந்திருக்கிறது. 25 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 11,000 பேரின் தரவுகளைச் சேர்த்து 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, சுவாசத் தொற்று ஓரளவு குறைவதாகச் சொன்னது. அந்தப் பலன் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் எடுத்தவர்களிடம் காணப்பட்டது. எப்போதாவது ஒருமுறை பெரிய அளவாக விழுங்கியவர்களிடம் காணப்படவில்லை. தொடக்கத்தில் 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கே அது மிகுதியாகக் கிடைத்தது. மேலும் பல ஆய்வுகள் சேர்ந்து, 64,000 பேரின் தரவுகளுடன் 2025-ல் லான்செட் குழும இதழில் வந்த புதுப்பித்த ஆய்விலோ, அந்தப் பலன் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. எலும்புக்கு வைட்டமின் டி தேவை என்பதில் ஐயமில்லை. சளியை நிறுத்தும் மருந்தாக அதை விளம்பரத் தாளில் அச்சிடுவதற்கு இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. மருத்துவர், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் 600 அலகு அளவில் நாள்தோறும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். 60,000 அலகுப் பொடியை நாமே கடையில் வாங்கி வாரந்தோறும் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். மழை விட்ட பிறகு வெயிலில் விளையாட விடுங்கள், சாளை மீனைச் சேருங்கள் என்றார். குளச்சலிலிருந்து நாள்தோறும் சாளையும் அயிலையும் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு, முள் பயத்தால் நான் அவனுக்கு மீனே கொடுக்காமல் இருந்திருக்கிறேன். வைட்டமின் ஏ பற்றி நான் கேட்டதற்கு, ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை அரசுத் திட்டத்தில் கொடுக்கும் ஒன்பது தவணைகளில் இதுவரை உரியவற்றை விடாமல் கொடுத்திருக்கிறோமா என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்தார்; கிராம சுகாதாரச் செவிலியரின் கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆறு குறிகளில் உண்மையாகவே ஒரு தடயத்தைக் கொடுத்தது ஐஜிஈ. அது குடற்புழுவாலும் ஏறலாம், ஒவ்வாமையாலும் ஏறலாம். பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள், இரண்டு முறை இழுப்பும் வந்திருக்கிறது என்பதால் அவர் ஒவ்வாமையின் பக்கம் திரும்பினார். புகையைப் பற்றிய கேள்விக்கு நான் இல்லை என்று பதில் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்புதான். பகலில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று அவர் மீண்டும் கேட்டார். பள்ளி விட்டதும் திருவட்டாறில் மாமியார் வீட்டில்தான் மாலை வரை இருப்பான். அந்த வீட்டின் பின்புறம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் இருக்கிறது. மழைக்காலத்தில் வெயில் இல்லாததால் நாள் முழுவதும் புகை போடுவார்கள். நானே அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஏழாண்டு ஆனதில் அந்த மணம் மூக்குக்குப் பழகிவிட்டதால், அது புகை என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் மேற்கு வட்டங்களில் சிறு தோட்டம் வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். இனி அவனை முன்வாசல் பக்க அறையில் வைத்துக்கொள்வது, புகைக்கூடத்துக்குள் சிறுவர்கள் போகாமல் பார்ப்பது, இழுப்புக்கு முறையாக இன்ஹேலர் எடுப்பது என்று முடிவாயிற்று. மாமியார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுநாளே பின்கதவைச் சாத்திவிட்டார்.

சளியோ காய்ச்சலோ இல்லாமல் மூன்று வாரம் கழிந்த பிறகு, மொத்தம் ஆறு வாரம் கழித்து, அணுக் கணக்கு, சிஆர்பி, ஃபெரிட்டின் ஆகிய மூன்றை மட்டும் அதே கூடத்தில் மீண்டும் எடுத்தோம். சிஆர்பி இயல்பு. ஃபெரிட்டின் 9. ஆறு வாரத்துக்கு முன் ‘இயல்பு’ என்று அச்சிட்டு, தொலைபேசியிலும் உறுதியளித்த ஒன்றுதான் பிள்ளையிடம் இருந்த ஒரே மெய்யான குறைபாடு. பயமுறுத்திய ஐஜிஏயும் லிம்ஃபோசைட்டும் ஒன்றுமே இல்லை. நாளுக்கு மூன்று குவளைப் பாலும், சோற்றோடு பாட்டி கொடுக்கும் சாயாவும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுத்திருக்கின்றன. இப்போது இரும்புச் சிரப் கொடுக்கிறோம், பாலை ஒரு குவளையாகக் குறைத்திருக்கிறோம், சாயாவை நிறுத்திவிட்டோம்.

எதிர்ப்பு மண்டலப் பரிசோதனையே வீண் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். ஓராண்டுக்குள் இரண்டு முறை நிமோனியா, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காதுத் தொற்று, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காத நோய், எடை கூடாமை, உடலின் உள்ளே ஆழத்தில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, ஒரு வயதுக்குப் பிறகும் ஆறாத வாய்ப்புண் பூஞ்சை, குடும்பத்தில் பிறவி எதிர்ப்புக் குறைபாடு ஆகிய அடையாளங்கள் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அப்போது முதலில் எடுக்க வேண்டியவையும் இதே அணுக் கணக்கும் இம்யூனோகுளோபுலின் அளவுகளும்தான். அவற்றையும் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் ஒரு தடையானால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகலாம். சிடி4, சிடி8 எண்ணிக்கை அதற்கும் அடுத்த படி. என் மகனுக்கு அது தேவையே இல்லை என்று மருத்துவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஆகவே என் மதிப்பீடு இப்படிப் பிரிகிறது. இரத்தம் எடுக்கும் கைத்திறனுக்கும் நேரம் தவறாமைக்கும் ஐந்துக்கு ஐந்து. ஆய்வின் துல்லியத்தில் எனக்குக் குறையில்லை. இரண்டாம் முறை எடுத்த எண்கள் மருத்துவரின் கணிப்போடு பொருந்தின. அறிக்கைக்கு ஒன்று. தொலைபேசி ஆலோசனைக்கு ஒன்றும் இல்லை. தொகுப்பாக இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று பரிசோதனைகளைத் தனித்தனியாகக் கேட்டபோது 900 ரூபாய்தான் ஆயிற்று. அதே கூடத்தில், அதே தம்பி வந்து எடுத்தார்.

நேரில் போய் மேலாளரிடம் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வயதுக்கேற்ற இயல்பளவுடன் முதல் அறிக்கையை மறுபடி அச்சிட்டுத் தந்தார். ஐஜிஏயும் லிம்ஃபோசைட்டும் அதில் மெல்லிய எழுத்துக்குத் திரும்பியிருந்தன. கடைசிக் காய்ச்சல் எப்போது வந்தது என்ற கேள்வியைப் பதிவுப் படிவத்தில் சேர்ப்பதாகவும் சொன்னார். சென்ற வாரம் என் தங்கை தன் மகளுக்காக அதே எண்ணுக்கு அழைத்தாள். பெயர், வயது, முகவரி, வரவேண்டிய நேரம் ஆகிய நான்கை மட்டுமே கேட்டார்களாம். அவள் பதிவு செய்யாமல் அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகளுக்குச் சளி முழுதாக விடட்டும் என்று காத்திருக்கிறாள்.